பாறைக்கரையும் தூரிகையும்

மாணவர்களே,

'இயற்கைக் காட்சி ஒன்று வரைக' என்று ஓவிய வகுப்பில் சொன்னால், நம் நாட்டில் எந்த ஊர்ப் பள்ளியாயினும் பெரும்பாலும் ஒரே படந்தான் கிடைக்கும். முக்கோண வடிவில் இரண்டு மலைகள். அவற்றின் இடுக்கில் பாதிச் சூரியன். அங்கிருந்து நெளிந்து வரும் ஆறு, கரையில் ஒரு குடிசை, குடிசைக்குப் பக்கத்தில் ஒரு தென்னை, வானத்தில் நான்கைந்து பறவைகள். தென்னையே வளராத ஊரில் பிறந்த பிள்ளையும் தென்னையைத்தான் வரைகிறது. மலையைக் கண்டறியாத பிள்ளையும் மலையை வரைகிறது. படம் அழகாகவே இருக்கும். ஆனால் அது கண் கண்ட காட்சி அன்று. முன்பு பார்த்த வேறொரு படத்திலிருந்து கை பழகிக்கொண்ட காட்சி.

இவ்வாறு பழகிய கை, எதிரே உள்ள நிலத்தைக் கண்ணுக்குக் காட்டாமல் மறைத்துவிடும். குழந்தைகளுக்கு மட்டுமன்றி ஒரு நாட்டின் ஓவியர் பலருக்கும் இது நேர்ந்திருக்கிறது. அந்த நாடு கனடா. உங்களுள் சிலருக்கு அங்கே உறவினர் இருக்கலாம். டொராண்டோ நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் தமிழர் மிகுதியாக வாழ்கின்றனர். அந்த நகரிலிருந்து வடக்கே சில மணி நேரம் பயணம் செய்தால் வரும் ஏரிகளையும் ஆறுகளையும் ஓவியர்கள் வரையக் கற்றுக்கொண்ட வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

முதலில் நிலத்தை அறிந்துகொள்வோம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2,50,000-க்கும் மேற்பட்ட ஏரிகள் உள்ளன. அவற்றுள் மிகப் பெரியது சுப்பீரியர் ஏரி. அதன் ஒரு பகுதி அமெரிக்காவைச் சேர்ந்தது. அதன் பரப்பு சுமார் 82,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பு சுமார் 1,30,000 சதுர கிலோமீட்டர் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த ஏரி எவ்வளவு பெரிது என்பது விளங்கும். அங்கே கரையில் நிற்பவருக்கு மறுகரை தெரியாது. புயல் எழுந்தால் கடலைப் போலவே அலை புரளும். அதன் கரைகளில் வாழும் அனிஷினாபே என்னும் தொல்குடி மக்கள் தம் மொழியில் அதனைப் 'பெருங்கடல்' என்று பொருள்படும் 'கிச்சிகாமி' என்னும் பெயரால் அழைக்கின்றனர்.

இந்நிலத்தின் அடித்தளம் நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழம்பாறை. பனியூழிக் காலத்தில் பெரும் பனிப்பாளங்கள் இதன்மேல் நகர்ந்து மண்ணைச் சுரண்டிச் சென்றன. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் அவை உருகிப் பின்வாங்கியபோது பள்ளங்களில் நீர் தங்கியது. மேடுகளில் மொட்டைப் பாறை எஞ்சியது. அப்பாறையின் வெடிப்புகளில் சிறிதளவே மண் உண்டு. அதில் வேரூன்றும் பைன் மரங்கள் மேற்கிலிருந்து வீசும் காற்றுக்கு வளைந்து, கிளைகளையெல்லாம் கிழக்கு நோக்கி நீட்டி நிற்கும். மரத்தைப் பார்த்தே காற்றின் திசையைச் சொல்லிவிடலாம்.

இத்தகைய நிலத்தை வரைவது எளிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கனடிய ஓவியர் பலரும் ஐரோப்பிய முறையில் பயின்றவர்கள். அம்முறையில் ஒரு நிலக்காட்சிக்கு வகுத்த இலக்கணமே உண்டு. படத்தின் ஓரத்தில் சட்டம் போல ஒரு பெரிய மரம் நிற்க வேண்டும். நடுவே ஒரு பாதையோ ஓடையோ வளைந்து சென்று பார்ப்பவர் கண்ணை உள்ளே அழைத்துச் செல்ல வேண்டும். தொலைவிலுள்ள மலைகள் மென்புகை போல மங்க வேண்டும். படம் முழுவதும் பழுப்பு கலந்த இளவெயில் படர வேண்டும். இங்கிலாந்தின் புல்வெளிக்கும் ஆலந்தின் வயலுக்கும் இது பொருந்தும். வட ஒன்டாரியோவிலோ பாதையே இல்லை; காலடியிலேயே கரடுமுரடான பாறை தொடங்கிவிடுகிறது. காற்று தூய்மையாக இருப்பதால் தொலைவில் உள்ள மலையும் கத்தியால் வெட்டியது போலத் தெளிவாகத் தெரிகிறது. புதரும் விழுந்த மரங்களும் பின்னிக் கிடக்கின்றன. இலையுதிர்காலம் வந்தாலோ மேப்பிள் மரங்கள் ஒரே வாரத்தில் குருதிச் சிவப்பாகவும் பிர்ச் மரங்கள் மஞ்சளாகவும் மாறுகின்றன. 'இது ஓவியத்துக்கு ஏற்ற நிலமன்று' என்று பலர் ஒதுக்கியதில் வியப்பில்லை. நிலத்தின் குறை என்று அவர்கள் கருதியது, உண்மையில் அவர்கள் கையிலிருந்த இலக்கணத்தின் குறை.

இம்மனப்போக்கை மாற்றியவர்களுள் முதன்மையானவர் டாம் தாம்சன். 1877-இல் பிறந்த இவர், ஒன்டாரியோவில் ஒரு பண்ணை வீட்டில் வளர்ந்தார். டொராண்டோவில் 'கிரிப்' என்னும் நிறுவனத்தில் விளம்பரப் படங்களும் எழுத்துகளும் வடிவமைக்கும் பணியில் இருந்தார். அதே நிறுவனத்தில் ஜே. இ. எச். மெக்டொனால்ட், ஆர்தர் லிஸ்மர், பிரெடெரிக் வார்லி, பிராங்க் ஜான்ஸ்டன், பிராங்க்ளின் கார்மைக்கேல் ஆகியோரும் பணிபுரிந்தனர். இவர்களுள் மெக்டொனால்ட், லிஸ்மர், வார்லி மூவரும் இங்கிலாந்தில் பிறந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். புதிய மண்ணைத் தாய்நாட்டுக் கண்ணால் பார்க்கும் பழக்கம் அவர்களுக்கு இயல்பாகவே இருந்திருக்கும்.

1912-இல் தாம்சன் முதன்முறையாக அல்கான்குவின் பூங்காவுக்குச் சென்றார். 'பூங்கா' என்றவுடன் ஊஞ்சலையும் பூப்பாத்தியையும் எண்ண வேண்டா. இது ஏரிகளும் காடும் ஆறுகளும் நிறைந்த, 1893-இல் ஒதுக்கப்பட்ட காப்புநிலம். அங்கே 'கனூ' எனப்படும் இலேசான துடுப்புப் படகில் ஏரிக்கு ஏரி செல்லலாம். இரண்டு ஏரிகளுக்கு இடையே நிலம் குறுக்கிட்டால், படகைத் தலைமேல் கவிழ்த்துச் சுமந்துகொண்டு நடக்க வேண்டும். அதற்குப் பின் ஒவ்வோர் ஆண்டும் வசந்தம் தொடங்கி இலையுதிர்காலம் வரை தாம்சன் பெரும்பாலும் அங்கேயே கழித்தார். வழிகாட்டியாகவும் காட்டுத்தீக் காவலராகவும் பணி செய்து வாழ்க்கைச் செலவைச் சமாளித்தார்.

1913-இல் மெக்டொனால்டும் அவர் நண்பர் லாரன் ஹாரிசும் எல்லை கடந்து அமெரிக்காவின் பஃபலோ நகருக்குச் சென்று ஒரு கண்காட்சியைக் கண்டனர். நார்வே, சுவீடன் முதலிய வடநாட்டு ஓவியங்கள் அங்கே வைக்கப்பட்டிருந்தன. பனி, பாறை, பைன், குளிர்ந்த நீர் ஆகிய அனைத்தும் தங்கள் நாட்டிலும் உண்டே என்று அவர்களுக்குத் தோன்றியது. அடுத்த ஆண்டில், ஹாரிசும் ஜேம்ஸ் மெக்காலம் என்பவரும் பொருளுதவி செய்து, ஓவியர்கள் தங்கிப் பணிசெய்ய டொராண்டோவில் ஒரு கட்டடம் எழுப்பினர். மெக்காலம் ஒரு கண் மருத்துவர். தாம்சனும் ஏ. ஒய். ஜாக்சனும் வேறு வேலைக்குப் போகாமல் ஓராண்டு முழுவதும் ஓவியமே வரைவதற்கான செலவையும் அவர் ஏற்றார். நாட்டுக்குப் புதிய கண் கிடைக்க ஒரு கண் மருத்துவர் உதவினார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

இனி இவர்கள் வரைந்த முறையைக் காண்போம். இப்பாடத்தின் உயிர்ப்பகுதி இதுவே.

வெளியில் செல்லும்போது இவர்கள் பெரிய கித்தானை எடுத்துச் செல்லவில்லை. சுமார் 21 செ.மீ. உயரமும் 27 செ.மீ. அகலமும் உள்ள சிறு மரப்பலகைகளையே கொண்டு சென்றனர். நீங்கள் பயன்படுத்தும் ஏ-4 தாளைவிடச் சற்றுச் சிறிய அளவு அது. அவற்றை வைப்பதற்கு ஒரு மரப்பெட்டி உண்டு. பெட்டியைத் திறந்தால் மூடியில் பலகை செங்குத்தாக நிற்கும். அடிப்பகுதியில் வண்ணங்களைக் குழைக்கலாம். எண்ணெய் வண்ணம் உலர நாட்கள் ஆகும். ஆதலால் ஈரம் காயாத பலகைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கப் பெட்டியில் தனித்தனிப் பள்ளங்கள் வெட்டப்பட்டிருந்தன. பெட்டியை மடிமேல் வைத்துக்கொண்டு, படகிலோ பாறைமேலோ அமர்ந்து வரையலாம்.

சிறு பலகை ஏன்? வடநாட்டு ஒளி காத்திருப்பதில்லை. மேகம் விலகினால் ஏரியின் நிறம் மாறும். காற்று அடித்தால் நீரில் விழுந்த மலை உடைந்து போகும். கோடையின் தொடக்கத்தில் கொசுவும் கருவண்டு போன்ற கடி ஈக்களும் மொய்க்கும். ஆகவே ஒரு குறுகிய பொழுதுக்குள் காட்சியின் சாரத்தைப் பிடித்துவிட வேண்டும். இலை இலையாக வரைய நேரமில்லை. ஒரு தீட்டில் ஒரு கிளை, ஒரு தீட்டில் ஓர் அலை என்று முடிக்க வேண்டும். அவசரம் இவர்களுக்கு நன்மையே செய்தது. பழைய இலக்கணத்தை நினைத்துப் பார்க்கவும் நேரமில்லாத நிலையில், கண் கண்டதைக் கை அப்படியே பின்பற்றியது. தாம்சன் இவ்வாறு சுமார் 400 சிறு படங்களை வரைந்தார். குளிர்காலத்தில் நகரத்துக்குத் திரும்பி, அவற்றுள் சிலவற்றைத் தேர்ந்து பெரிய கித்தானில் நிதானமாக விரித்து வரைந்தார்.

நீரை வரைவதில் சில நுட்பங்கள் உண்டு. நீருக்கென்று தனி நிறமில்லை; வானத்தையும் கரையையும் அது வாங்கிக் காட்டுகிறது. அசையாத நீரில், கரையிலுள்ள வெளிர்நிறப் பொருளின் நிழலுரு சற்றுக் கருமையாகவும், கருநிறப் பொருளின் நிழலுரு சற்று வெளிறியும் தோன்றும். இதனை அறியாமல் மேலே உள்ள நிறத்தையே கீழேயும் பூசினால், நீர் கண்ணாடித் தகடு போல உயிரற்றுக் கிடக்கும். ஓடும் ஆற்றில் தூரிகை நீரின் போக்கிலேயே செல்ல வேண்டும். பாறையில் மோதும் இடத்தில் தூரிகையும் திரும்ப வேண்டும்.

தாம்சனின் 'வடபுலத்து ஆறு' என்னும் ஓவியத்தில் ஆறு நேராகத் தெரிவதில்லை. முன்னால் கரிய மரங்கள் ஒரு திரை போல நெருங்கி நிற்கின்றன. அவற்றின் இடைவெளிகளில் ஆறு வளைந்து மின்னுகிறது. காட்டில் நடப்பவர் ஆற்றைக் காண்பது அவ்வாறுதான். கண்ணை அழைத்துச் செல்லும் பாதை இல்லையே என்று பழைய ஓவியர்கள் வருந்தினர். தாம்சன் அந்தத் தடையையே ஓவியமாக்கினார். 1915-இல் கனடாவின் தேசிய ஓவியக்கூடம் இதனை விலைக்கு வாங்கியது.

அவருடைய 'ஜாக் பைன்' அதனினும் புகழ்பெற்றது. 1916-இல் அல்கான்குவின் பூங்காவின் கிராண்ட் ஏரிக்கரையில் சிறு பலகையில் வரைந்த படத்தை, அடுத்து வந்த குளிர்காலத்தில் சுமார் 128 செ.மீ. உயரமும் 140 செ.மீ. அகலமும் உள்ள கித்தானில் விரித்தார். பாறைக்கரையில் ஒரு மரம் நிற்கிறது. கிளைகள் துவண்டு தொங்குகின்றன. பின்னால் ஏரி, அதற்கப்பால் மலை, மேலே அந்திவானம். வானத்தையும் நீரையும் அகலமான கிடைத்தீட்டுகளால் செங்கல் அடுக்கியது போலத் தீட்டினார். மரத்தை வளைகோடுகளால் வரைந்தார். கிடையாக அமைந்த அமைதியின் நடுவே வளைந்த உயிர் ஒன்று நிற்பதாக நமக்குத் தோன்றுவது இதனால்தான். மரத்துக்கும் மலைக்கும் அடியில் முதலில் சிவப்பு வண்ணம் பூசியிருந்தார். அச்சிவப்பு, மேல்வண்ணங்களின் ஓரங்களில் இடையிடையே எட்டிப் பார்த்து, குளிர்ந்த காட்சிக்குள் ஒரு கனலை வைக்கிறது. விளம்பர வடிவமைப்பில் பழகிய கை இது என்பதும் அதன் தெளிவான வடிவங்களில் தெரிகிறது.

அந்த ஓவியம் முடிந்த சில மாதங்களில், 1917 ஜூலை 8 அன்று, கனூ ஏரியில் படகில் புறப்பட்ட தாம்சன் திரும்பவில்லை. எட்டு நாட்களுக்குப் பின் அவர் உடல் நீரில் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 39.

நண்பர்கள் துயருற்றனர், ஆயினும் பணியை நிறுத்தவில்லை. 1918 செப்டம்பரில் ஹாரிஸ், மெக்டொனால்ட், ஜான்ஸ்டன் ஆகியோர் மருத்துவர் மெக்காலமுடன் அல்கோமா என்னும் பகுதிக்குப் புறப்பட்டனர். அவர்கள் தங்கியது விடுதியில் அன்று; ஒரு சரக்கு ரயில் பெட்டியில்! இரயில் நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்த அப்பெட்டியில் படுக்கைகளும் அடுப்பும் விளக்குகளும் அமைத்தனர். ரயில் வண்டி அப்பெட்டியை இழுத்துச் சென்று, அவர்கள் கேட்ட இடத்தில் பக்கத் தண்டவாளத்தில் விட்டுச் செல்லும். சில நாட்கள் வரைந்தபின் மற்றொரு வண்டி வந்து அடுத்த இடத்துக்கு இழுத்துச் செல்லும். கையால் இயக்கும் தண்டவாள வண்டியும் ஒரு கனூவும் அவர்களிடம் இருந்தன. இப்பயணங்களின் பயனாகப் பிறந்தவையே மெக்டொனால்ட் வரைந்த மான்ட்ரியல் ஆற்றின் அருவியும், அவ்வாற்றுப் பள்ளத்தாக்கைக் காட்டும் 'மாண்புறு நிலம்' என்னும் பேரோவியமும்.

1920 மே மாதத்தில் ஹாரிஸ், மெக்டொனால்ட், ஜாக்சன், லிஸ்மர், வார்லி, ஜான்ஸ்டன், கார்மைக்கேல் ஆகிய எழுவரும் 'எழுவர் குழு' என்னும் பெயரில் டொராண்டோவில் முதல் கண்காட்சி நடத்தினர். இவர்களுக்கு ஏளனமும் குறைவின்றிக் கிடைத்தது. அதற்கு முன்பே, 1913-இல், நாளிதழ் ஒன்றில் எழுதியவர் இவர்களைச் 'சூடான கூழ்ப் பள்ளி' என்று எள்ளி நகையாடினார். தடித்த வண்ணத்தை அள்ளி அப்பியது போல அவருக்குத் தோன்றியதாம். இன்று அதே நாட்டில் இவ்வோவியங்கள் அஞ்சல்தலைகளில் இடம்பெறுகின்றன.

தமிழ் பயிலும் நாம் இவ்வோவியங்களை வேறொரு கண்ணாலும் பார்க்கலாம். நம் தொல்காப்பியம் அகத்திணைப் பாடலின் உறுப்புகளை முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்றாக வகுக்கிறது. முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். கருப்பொருள் என்பது அந்நிலத்துக்குரிய தெய்வம், மக்கள், விலங்கு, பறவை, மரம், உணவு, தொழில் முதலியன. உரிப்பொருள் என்பது அங்கே எழும் உள்ளத்து உணர்வு. 'ஜாக் பைன்' படத்தில் பாறைக்கரையாகிய நிலமும் அந்தியாகிய பொழுதும் உள்ளன; பைன் உள்ளது; தனிமையும் உறுதியும் கலந்த உணர்வும் உள்ளது. மக்கள் எங்கே?

எழுவர் குழுவின் புகழ்பெற்ற ஓவியங்கள் பலவற்றில் மனிதரே இல்லை. யாரும் கால் வைக்காத நிலம் என்னும் எண்ணத்தை அவை பார்ப்பவர் மனத்தில் விதைத்தன. உண்மை அதுவன்று. அந்த ஏரிகளில் அனிஷினாபே மக்கள் எண்ணற்ற தலைமுறைகளாக மீன் பிடித்தும் படகோட்டியும் வாழ்ந்து வந்துள்ளனர். ஓவியர்கள் ஊர்ந்த கனூவே தொல்குடி மக்களின் கண்டுபிடிப்பு. 'அல்கான்குவின்' என்பதும் ஒரு தொல்குடியின் பெயரே. மரம் வெட்டும் நிறுவனங்களும் அங்கே நெடுங்காலமாக இயங்கின. ஆறுகளில் மரக்கட்டைகள் மிதந்து சென்றன. தாம்சன் இதனை மறைக்கவில்லை. கட்டைகளை ஆற்றில் செலுத்தும் தொழிலாளரையும் தீயில் கருகிய குன்றுகளையும் அவர் வரைந்திருக்கிறார். ஆனால் மக்கள் நினைவில் நிலைத்தவை ஆளில்லாத ஏரிகளே. 1926-இல் ஹாரிஸ் வரைந்த 'சுப்பீரியர் ஏரியின் வடகரை' என்னும் ஓவியத்தில், பட்டுப்போன அடிமரம் ஒன்று ஒளியில் குளித்துத் தூண் போல நிற்கிறது; அதன் பின்னால் எல்லையற்ற நீர். பேரழகு வாய்ந்த படம். அதனைப் பார்த்து ஒருவர் அந்த ஏரி ஆளரவமற்றது என்று முடிவு செய்தால், அது பிழை.

இதற்குச் சான்று அதே ஏரியின் கரையிலேயே இருக்கிறது. அகாவா என்னும் இடத்தில் நீரிலிருந்து செங்குத்தாக எழும் ஒரு பாறைச்சுவர் உண்டு. அதில் காவிக்கல்லின் செந்நிறத்தால் அனிஷினாபே மக்கள் பல தலைமுறைகளுக்கு முன் தீட்டிய உருவங்கள் இன்றும் காணப்படுகின்றன. ஆட்களைச் சுமந்த கனூவும், கொம்பும் முதுகில் முட்களும் உடைய மிஷிபெஷு என்னும் நீர்த்தெய்வமும் அவற்றுள் உள்ளன. எழுவர் குழுவினர் ரயில் பெட்டியில் சுற்றிய அல்கோமா நிலம் முடிந்து ஏரி தொடங்கும் இடம் அது. நம் கண்ணோட்டத்தில் சொல்வதானால், தெய்வம், மக்கள், தொழில் ஆகிய கருப்பொருள்கள் அந்தப் பாறையிலேயே எழுதப்பட்டிருந்தன.

பிற்காலத்தில் நார்வல் மாரிசோ என்னும் அனிஷினாபே ஓவியர் இத்தகைய மரபிலிருந்து ஊக்கம் பெற்றார். 1962-இல் டொராண்டோவில் நடந்த இவரது கண்காட்சி பெரும் வரவேற்பைப் பெற்றது. இவருடைய படங்களில் மனிதரும் மீனும் பறவையும் கரிய கோடுகளால் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருக்கும். அவை தாம்சனின் முறைக்கு எதிரானவை அல்ல. தாம்சன் வரையாமல் விட்ட பாதியை அவை நிரப்புகின்றன என்பது என் கருத்து. நீங்கள் இரண்டையும் பார்த்து மாறுபட்ட கருத்துக் கொள்ளலாம்.

செய்து பார்க்க

உங்கள் ஊரில் ஆறோ ஏரியோ குளமோ கட்டாயம் இருக்கும். நருமதை, யமுனை, உசேன் சாகர், போவாய் என எதுவாயினும் சரி. ஏ-4 அளவுள்ள தடித்த அட்டைகள் மூன்றும், மெழுகு வண்ணமோ நீர்வண்ணமோ எடுத்துக்கொண்டு, பெரியவர் ஒருவருடன் அங்கே செல்லுங்கள். ஒரே இடத்தில் அமர்ந்து காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று பொழுதுகளில் ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடமே எடுத்துக்கொண்டு வரையுங்கள். அழிப்பான் வேண்டா. முதலில் நீரின் நிறத்தைக் கண்டறியுங்கள். அது நீலமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. துணி துவைப்பவர், தூண்டில் போடுபவர், படிக்கட்டில் மாலை விற்பவர், கரையில் ஒதுங்கிய நெகிழிப் பை ஆகியவற்றுள் எதனை வரைவது, எதனை விடுவது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். பிறகு, நீங்கள் வரைந்த நிலத்தின் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் எவை என்று பத்து வரிகளில் எழுதுங்கள். விட்டவற்றை ஏன் விட்டீர்கள் என்பதையும் அதில் சேருங்கள். அட்டைகளின் பின்புறத்தில் இடம், நாள், நேரம் ஆகியவற்றைக் குறிக்க மறவாதீர்கள்.